உன் மனைவியின் காருக்கு நான் ஏன் ஒயில் ஊற்றவில்லை

என் மகன் தம்பிக்கு,

நீ வீட்டை விட்டுப் போன பிறகு அடுத்த ஆயுத பூஜை வரப்போகிறது. அம்மாவோடு தொலைபேசியில் பேசுகிறாய். அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகிறாய். வத்தேகம சந்தையில் உன்னைக் கண்டதாகவும், என்னைப் பற்றி விசாரித்ததாகவும் ஊரில் சொல்கிறார்கள். என் வாசலுக்கு மட்டும் நீ வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும். போன வருடம் பூஜைக்கு முதல் நாள் வீட்டில் இருந்த எல்லா வண்டிக்கும் ஒயில் மாற்றினேன். உன் மனைவியின் கார் முறை வந்தபோது கேனின் மூடியை மூடினேன். அவளை இந்த வீட்டு ஆளாக நான் ஏற்கவில்லை என்று நீ அதற்கு அர்த்தம் எடுத்தாய். எடுத்தது மட்டுமல்ல, அக்கா, மச்சான், வேலிக்கு அந்தப்புறம் நின்ற பக்கத்து வீட்டார் எல்லாரும் கேட்கும்படி சொன்னாய். அதனால்தான் இதை உறையில் போட்டு ஒட்டி அனுப்பாமல் நம் கோயில் மலரில் அச்சிடக் கொடுக்கிறேன். வீட்டார் பேர் எதுவும் போடவில்லை. கேள்வி எல்லார் முன்னாலும் வந்தது, பதிலும் எல்லார் முன்னாலும் போகட்டும்.

மன்னிப்புக் கேட்கும் கடிதம் என்று நினைத்து வாசிக்கத் தொடங்கியிருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள். நான் செய்தது சரி. அதே கார் நாளைக்கு வந்து நின்றாலும் அதே மூடியை மூடுவேன். ஆனால் ஏன் என்று உனக்குத் தெரிய வேண்டும். அதற்கு முதலில், இந்த வீட்டில் ஏன் ஒரே ஒயில் என்பதைச் சொல்ல வேண்டும். அதை நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. கஞ்சத்தனம் என்று உன் மச்சான் சொன்னான், நீயும் சிரித்தாய்.

தெல்தெனியப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நான் ஸ்டோர் பார்த்தது உனக்குத் தெரியும். நீ பிறப்பதற்கு முந்திய காலம். ஸ்டோரில் பல தகரங்கள் வரிசையாக இருக்கும்: எஞ்சினுக்கு ஒன்று, கியர்ப் பெட்டிக்கு ஒன்று, லொறிக்கு ஒன்று, மின்சாரம் போனால் ஓடும் ஜெனரேட்டருக்கு ஒன்று. எல்லாவற்றிலும் இங்கிலீஷ் எழுத்து. முனியாண்டி என்று ஒருவர் டிராக்டர் ஓட்டினார். தோட்டத்தில் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களில் டிராக்டர் சாவி கிடைத்த முதல் ஆள் அவர். அவருடைய மனைவி அந்தச் சாவியை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தின் முன் வைத்துத்தான் காலையில் எடுத்துக் கொடுப்பாராம். நான் கண்டிக்குப் போயிருந்த ஒருநாள் முனியாண்டி தானே ஸ்டோருக்கு வந்து, கியர் ஒயில் தகரத்தை எடுத்து எஞ்சினுக்கு ஊற்றியிருக்கிறார். உடனே ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நாள் ஓடியது. பிறகு உள்ளே பேரிங்குகளைத் தின்று, கொழுந்து ஏற்றிக்கொண்டு வரும் வழியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

விசாரணை வைத்தார்கள். துரை என்னைக் கேட்டார், தகரத்தில் என்ன ஒயில் என்று எழுதியிருந்ததா என்று. எழுதியிருந்தது, அப்படித்தான் சொன்னேன். பிறகு முனியாண்டியைப் பார்த்து, "எழுதித்தானே இருக்கு, ஏன் பாக்கல?" என்று கேட்டார். முனியாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், "பாத்தேனுங்க தொரை. ரெண்டும் செவப்பாத்தான் இருந்துச்சு," என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த நாள் அவர் மண்வெட்டியோடு மலைக்குக் கூலி வேலைக்குப் போனார். சாவி வேறொருவர் கைக்குப் போனது. அந்த மஞ்சள் துணி என்னவாயிற்று என்று நான் இன்றும் சில நேரம் நினைப்பதுண்டு.

எனக்கும் அப்போது இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. ஒயில் கம்பனிகள் துரைக்கு அனுப்பும் புத்தகங்களைக் கேட்டு வாங்கினேன். அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் படித்தேன். லொறி எஞ்சினுக்கும் ஜெனரேட்டருக்கும் டிராக்டரின் எஞ்சினுக்கும் அதன் கியர்ப் பெட்டிக்கும்கூட ஒத்துப்போகும் ஒரே ஒயில் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். துரையிடம் போய்ச் சொன்னேன். முதலில் துரத்தினார். திரும்பப் போனேன். பிறகும் போனேன். கடைசியில் எரிச்சலோடு ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து அந்த ஸ்டோரில் ஒரே பீப்பாய். எவர் வந்து ஊற்றினாலும், கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாலும், பிழை வராது. எழுத்துத் தெரியாத எவரும் அதற்குப் பிறகு அந்த ஸ்டோரால் வேலை இழக்கவில்லை. ஒரே ஒயில் என்றால் எனக்கு அதுதான் அர்த்தம். காசு மிச்சம் பிடிப்பது பிறகு வந்த கதை.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். பச்சைக் கார் அந்தத் துரை ஊரைவிட்டுப் போகும்போது எனக்கு விற்றுவிட்டுப் போனது. அக்கா கல்யாணம் முடிந்து மச்சான் ஓட்டோவோடு வந்தான். நீ வேலைக்குப் போய்ச் சிவப்பு மோட்டார் சைக்கிள் வாங்கினாய். அப்போது நான் காருக்குப் போடும் ஒயிலைத்தான் எல்லாவற்றுக்கும் போடலாம் என்று நினைத்திருந்தேன். நீ கேட்கவில்லை. "என் பைக்குக்கு நல்லது போடணும்பா," என்று கண்டி டவுனில் ஆக விலை கூடிய கார் ஒயிலை வாங்கி வந்து ஊற்றினாய். உராய்வே இல்லாமல் ஓடும் என்று தகரத்தில் எழுதியிருந்ததை எனக்கு வாசித்தும் காட்டினாய்.

மாவனல்லையில் ஒரு கல்யாணத்துக்கு அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கும். போகும்போது இறக்கம், ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வரும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் எஞ்சின் அலறுகிறது, வண்டி ஏறவில்லை. நீ இன்னும் முறுக்கினாய், இன்னும் அலறியது. அம்மா பின்னாலிருந்து, "தம்பி, சத்தம் மட்டுந்தான் மேல போகுது, நாம கீழதான் நிக்கிறோம்," என்றாள். பிறகு இறங்கி, பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்யாண வீட்டுப் பையோடு ஏற்றத்தில் நடக்கத் தொடங்கிவிட்டாள். கொழும்பு பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்களாம். "எறங்கினதும் வண்டி கொஞ்சம் ஏறுச்சு, அதுதான் எனக்கு ரொம்ப அவமானமாப் போச்சு," என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள். நான் பச்சைக் காரில் வந்து உங்களைக் கூட்டிப் போனேன்.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்த பிறகுதான் எனக்கும் விளங்கியது. காரில் கிளச் தகடு வெளியே, காய்ந்த இடத்தில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் அது எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே குளித்துக்கொண்டிருக்கிறது. ஓட்டோவிலும் அப்படித்தான். காரை வழுக்கிக்கொண்டு ஓடவைக்கும் சில ஒயில்கள் கிளச்சையும் வழுக்கவைத்துவிடும். ஆகவே நம் வீட்டுக்கு ஒரே ஒயில் என்றால் அதைக் காரைப் பார்த்துத் தெரிவு செய்யக்கூடாது, மோட்டார் சைக்கிளைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும். மோட்டார் சைக்கிள் ஒயிலைப் பழைய கார் தாங்கிக்கொள்ளும். கார் ஒயிலை மோட்டார் சைக்கிள் தாங்காது. பெரியது எது, விலை கூடியது எது, வீட்டுக்கு முதலில் வந்தது எது என்பதெல்லாம் பேச்சில்லை. எதனால் விட்டுக்கொடுக்க முடியாதோ அதற்கு ஏற்றதை எடு; விட்டுக்கொடுக்கக் கூடியவை விட்டுக்கொடுக்கும். எஞ்சின் விசயத்தில் நானாகக் கண்டுபிடித்த ஒரே விதி இதுதான். வேறு விசயங்களுக்கும் நீ இதைப் பொருத்திப் பார்க்கலாம். நான் பொருத்திப் பார்த்திருக்கிறேன். எப்போதும் சரிவந்தது என்று சொல்லமாட்டேன்.

மச்சான் அதற்கும் கேலி செய்தான். "மாமா, கல்யாண வீட்டுல சீனி வருத்தக்காரர் ஒருத்தர் இருக்காருன்னு, வந்த எல்லாருக்கும் சீனியில்லாத பாயாசம் ஊத்துற மாதிரி இருக்கு ஒங்க கதை." நான் கேட்டேன், "குடிச்சுட்டு யாராச்சும் செத்தாங்களா?" அவனுடைய ஓட்டோ இத்தனை வருடமாக எங்கேயும் நின்றதில்லை. அதை அவன் சொல்லமாட்டான்.

அப்படித்தான் பூஜைக்கு முதல் நாள் வழக்கமும் வந்தது. மற்ற வீடுகளில் வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பார்கள். நாம் அதோடு ஒயிலையும் மாற்றினோம். வண்டிகளை ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி, சாய்வில்லாத இடத்தில் வரிசையாக நிறுத்தி, கீழே ஒரு பேசின் பாத்திரத்தை வைத்துப் பழைய ஒயிலை இறக்கி, ஒரே கேனிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஊற்றுவது. இறக்கிய கறுப்பு ஒயிலை வேலிக் கம்பங்களுக்குக் கறையான் வராமல் பூசுவது. அடுத்த நாள் சந்தனம், குங்குமம், வண்டிச் சில்லுகளுக்கடியில் எலுமிச்சம்பழம். வருடம் போகப் போக அந்தக் கேனே பூஜைச் சாமான் மாதிரி ஆகிவிட்டது. அம்மா அதற்கும் ஒரு பொட்டு வைப்பாள். அந்த வரிசையில் நிற்கும் வண்டி நம் வீட்டு வண்டி என்று ஆகிவிட்டது. நான் அப்படி வகுக்கவில்லை. தானாக ஆகிவிட்டது.

இனி உன் கல்யாணம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கண்டியில் வங்கியில் வேலை. நான் எதிர்த்தேன் என்று உன் மனதில் இருக்கிறது. நான் எதிர்க்கவில்லை. சிரிக்கவுமில்லை, அவ்வளவுதான், நான் அக்கா கல்யாணத்திலும் சிரிக்கவில்லை, படங்களை எடுத்துப் பார். அந்தப் பிள்ளை வந்த முதல் வாரமே தன் காரின் டயருக்குத் தானே காற்றழுத்தம் பார்ப்பதைக் கண்டேன். அதை நான் யாரிடமும் பாராட்டிச் சொல்லவில்லை. சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் கண்டேன்.

பூஜை வருகிறது என்றதும் அவளே என்னிடம் வந்தாள். "மாமா, இங்க வண்டியெல்லாத்தையும் வரிசையா விட்டு ஒயில் மாத்துறதாம். என்ர காரையும் கொண்டந்து விடட்டோ?" என்று கேட்டாள். "விடுங்க," என்றேன். அவள் போன பிறகு அந்தக் காரின் முன்மூடியைத் திறந்து பார்த்தேன். பாதி மின்சாரம், பாதி பெற்றோல் என்று ஓடும் புதுவகைக் கார். ஜப்பானில் ஓடி இங்கே வந்தது. என்ன ஒயில் என்று பார்க்க உள்ளே இருந்த கைநூலை எடுத்தேன். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஜப்பான் எழுத்து. ஒரு எழுத்துக்கூட எனக்குத் தெரியவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் படித்த நான், முனியாண்டி என் ஸ்டோரில் நின்றமாதிரி அந்தக் காருக்கு முன்னால் நின்றேன். கைநூலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனா என்றுகூட ஒரு நிமிடம் சந்தேகம்.

ஒயில் ஊற்றும் வாய்க்கு இருந்த மூடியில் மட்டும் இலக்கம் பொறித்திருந்தது. அது எந்த மொழிக்காரனுக்கும் விளங்கும். தண்ணீர் மாதிரி ஆக மெல்லிய ஒயில். நம் கேனில் இருப்பது அதற்கு நேர் எதிர், தடித்தது. சிக்னலில் நின்றால் அணைந்து, நகர்ந்தால் பிடித்து, ஒரு பயணத்தில் எத்தனையோ முறை எழும்பும் எஞ்சின் அது. ஒவ்வொரு முறையும் ஒயில் உடனே மேலே ஏற வேண்டும். உள்ளே வழிகளும் ஒடுக்கம். தடித்த ஒயில் அங்கே போய்ச் சேர்வதற்குள் இரும்போடு இரும்பு உரசும். அன்றைக்கு ஊற்றியிருந்தால் அன்றைக்கே நிற்காது. முனியாண்டியின் டிராக்டர் மாதிரிக் கொஞ்ச நாள் ஓடும். எல்லாரும் சந்தோசமாக இருந்திருப்போம். பிறகு வீட்டுக்கு வந்த பிள்ளை சொந்த உழைப்பில் வாங்கிய காரை மாமனார் பழுதாக்கிய கதை எஞ்சியிருக்கும்.

வத்தேகமவில் இருந்த கடைகளில் கேட்டேன். இல்லை என்றார்கள். பஸ் ஏறிக் கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். அங்கே சிங்களக் கடைக்காரர், "அந்த ஒயில் இங்க ஓடாது மாத்தயா, சொல்லி எடுக்கணும், பூஜை முடிஞ்சு வாங்க," என்றார். வெறுங்கையோடு திரும்பி வந்தேன். அவளைத் தனியாகக் கூப்பிட்டு விசயத்தைச் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த நாள் காலையில் நான் எழும்பி வெளியே வரும்போது அவள் காரைக் கழுவித் துடைத்து, வரிசையின் கடைசியில் கொண்டுவந்து விட்டு, செவ்வந்தி மாலையும் கட்டியிருந்தாள். மச்சான் ஏற்கெனவே வந்து கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால், என் கேன் இந்தக் காருக்குச் சரிவராது என்று எனக்குச் சொல்ல வரவில்லை. இதைக் குற்றம் என்று நீ எடுத்தால் எடுத்துக்கொள். வேறு எதையும் குற்றமாக எடுக்காதே.

பச்சைக் காருக்கு ஊற்றினேன். ஓட்டோவுக்கு ஊற்றினேன். உன் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றினேன். அவள் காரின் முன்மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கேனின் மூடியை எடுத்துத் திருகினேன். "மாமா, இதுக்கு?" என்று கேட்டாள். "இதுக்கு வேணாம்," என்றேன். அதற்குமேல் நீ என்னைப் பேச விட்டாயா? "இவ இந்த வீட்டு ஆள் இல்லன்னு வாயால சொல்லியிருக்கலாம்பா. மூடிய மூடிக் காட்ட வேணாம்," என்றாய். அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். மச்சான், எப்போதும் வாய் ஓயாதவன், தரையைப் பார்த்தான். என் கையில் புனல் இருந்தது, அதிலிருந்து ஒயில் என் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. மகன் அப்பனைப் பார்த்து "ஏன்?" என்று ஒரே ஒரு சொல் கேட்டிருந்தால் முழுதும் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. கேட்காதவனுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கும் என் வருத்தம் அதில்தான் இருக்கிறது; நீ சத்தம் போட்டதில் இல்லை. பின்னேரமே நீங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனீர்கள். முன்மூடியில் செவ்வந்தி மாலை அப்படியே இருந்தது. அதைக் கழற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு உன் அம்மா என்னோடு பல நாள் சரியாகப் பேசவில்லை. ஒருநாள் ஏன் ஊற்றவில்லை என்று அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அலுமாரியைத் திறந்தாள். துணிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து என் முன்னால் வைத்தாள். தையல் மெஷினுக்குப் போடும் ஒயில். "ஒங்க கேன்ல இருந்து என் மெஷினுக்கு ஒரு வருசம் விட்டீங்க, ஞாபகம் இருக்கா? ஊசி எறங்கவே மாட்டேன்னுச்சு. தொடச்சு எடுக்க எனக்கு ரெண்டு நாள் போச்சு. அன்னையிலிருந்து இது வச்சிருக்கேன். இந்த வீட்டுல எப்பவுமே ரெண்டு ஒயில் இருந்துச்சுங்க. நீங்கதான் பாக்கல." தையல் மெஷின் வண்டி இல்லை என்றேன். "சரி, வண்டி இல்ல. நானும் இந்த வீட்டு ஆள் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போத்தலைத் திரும்ப உள்ளே வைத்தாள். பூஜையன்று அந்த மெஷினும் மற்றவற்றோடு பொட்டு வைத்துக்கொண்டு நிற்பதை நான் இத்தனை காலம் பார்த்திருக்கிறேன். அதற்கு வேறு ஒயில் என்பதால் அதை யாரும் வேற்று வீட்டு மெஷின் என்று சொன்னதில்லை.

போன மாதம் உன் மனைவி தொலைபேசி எடுத்தாள். அம்மாவுக்கு என்று நினைத்துக் கொடுக்கப் போனேன். "இல்லை மாமா, உங்களோடதான் கதைக்கவேணும்," என்றாள். "கார் சேர்விஸுக்குக் குடுத்தனான். அங்க நிண்டவர் சொன்னவர், இதுக்குத் தடிச்ச ஒயில் விட்டா எஞ்சின் போயிடும் எண்டு. எனக்கு அப்பத்தான் அண்டைக்கு நடந்தது ஞாபகம் வந்தது. நீங்கள் அதுக்காகத்தானே மாமா விடேல்லை?" "ஓம்," என்றேன். நம் பேச்சில் 'ஆமா'தான், அந்தச் சொல் இல்லை. அவளுக்குச் சொல்ல அதுதான் வாயில் வந்தது. "ஏன் மாமா அப்பவே சொல்லேல்லை?" என்று கேட்டாள். பார், அவள் ஏன் என்று கேட்டாள். நான் முழுதும் சொன்னேன், மச்சான் கதிரையில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். சிரித்தாள். பிறகு, "இவருக்கு நான் சொன்னா, எனக்காகச் சமாளிக்கிறன் எண்டு நினைப்பார். நீங்கள் எழுதுங்கோ. அவரும் உங்களைப் போலத்தான், தானா வரமாட்டார்," என்றாள். என்னைப் போல என்று அவள் சொன்னதை நான் வசவாக எடுக்கவில்லை. நீயும் எடுக்காதே. உங்கள் இருவருக்கும் நான் சொல்ல இருந்த புத்திமதியை அவள் என்னிடமே செய்து காட்டிவிட்டாள். ஒரு விசயம் மனதில் உறுத்தினால் வருடக்கணக்கில் வைத்துக் கொதிக்காமல், தொலைபேசியை எடுத்து ஏன் என்று கேட்பது. நீ அதை அவளிடம் பழகிக்கொள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் கண் மங்கிவிட்டது. இடது கண்ணில் எந்த நேரமும் ஹந்தானை மலையில் மூடும் பனி மாதிரி இருக்கிறது. மலை ரோட்டில் கார் ஓட்டக்கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். பச்சைக் கார் கொட்டகையில் நிற்கிறது. மச்சான் எடுத்து ஓட்டுகிறேன் என்றான். ஓட்டோ ஓட்டுகிற மாதிரி வளைவில் ஒடிப்பான், கொடுக்கவில்லை. அது உனக்குத்தான். அதற்கு மோட்டார் சைக்கிள் ஒயில்தான் என்பதை மறந்துவிடாதே. புதுக் கார்களுக்கு வரும் மெல்லிய ஒயிலைக் கடைக்காரன் எவ்வளவு புகழ்ந்தாலும் அதற்கு ஊற்றாதே. பழைய எஞ்சினில் இடைவெளி அதிகம், எரித்துப் புகையாக விட்டுவிடும். நல்ல ஒயில் என்று தனியாக ஒன்று இல்லை. எந்த எஞ்சினுக்கு என்று கேட்ட பிறகுதான் நல்லதும் கெட்டதும். இதை என் வாயாலேயே சொல்கிறேன், மச்சான் வாசித்துச் சிரிக்கட்டும். ஒரே ஒயில் என்ற என் விதியை நான் விடவில்லை. பொருந்துகிற வண்டிக்கெல்லாம் ஒன்றே போதும். பொருந்தாத வண்டிக்கு அதற்குரியதை வாங்கிப் பக்கத்தில் வைப்பதும் அந்த விதிக்குள்தான் அடங்கும். முனியாண்டி இன்றைக்கு வந்து ஊற்றினாலும் பிழை வரக்கூடாது. அதற்குத்தான் விதி.

கட்டுகஸ்தோட்டைக் கடைக்காரரிடம் சொல்லி அந்த மெல்லிய ஒயிலை எடுத்துவிட்டேன். கொட்டகைத் தட்டில் என் கேனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எழுத்தைப் பார்த்து எடுக்கத் தேவையில்லாதபடி அம்மா அதன் கழுத்தில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டியிருக்கிறாள். நான் சொல்லித்தான் கட்டினாள். ஏன் மஞ்சள் என்று கேட்டாள், அதையும் சொன்னேன்.

நேற்று பச்சைக் காரின் ஒயில் அளவு பார்த்தேன். எஞ்சினில் இருக்கும் அளவுக் கம்பியை வெளியே இழுத்துத் துடைத்து, திரும்ப விட்டு எடுத்து, வெயிலில் பிடித்தேன். கோடு தெரியவில்லை. அம்மா டோர்ச் அடித்தாள், அப்போதும் தெரியவில்லை. அந்தக் கறுப்பு ஒயிலிலேயே தெரியவில்லை என்றால், உன் மனைவியின் காருக்கு ஊற்றப்போகும் தண்ணீர் மாதிரி ஒயிலில் எனக்குக் கோடு எங்கே தெரியப்போகிறது? குறைந்தாலும் பழுது, கூடினாலும் பழுது. மச்சானைக் கேட்டால் எல்லாம் சரி என்பான்.

பூஜைக்கு முதல் நாள் காலையிலேயே வண்டிகளை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்கிறேன். வரிசையின் கடைசியில் இடம் விட்டிருக்கும். மாலையை அவளே கட்டட்டும், அவள் கட்டுவது நன்றாக இருக்கிறது. ஊற்றுவது நான்தான், கை இன்னும் நடுங்கவில்லை. கம்பியில் கோட்டைப் பார்த்து, ஊற்றுவதை எங்கே நிறுத்த வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்ல எனக்கு ஒரு ஆள் வேண்டும்.

அப்பா